ஒட்டுமா, ஒட்டாதா? மரவேலைப் பசைகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மரவேலை பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். கதவு, கட்டில், பாலிஷ் என்று எல்லாம் வரும் என்று பார்த்தால், வந்தவற்றில் நிறையப் பேர் கேட்டிருப்பது பசையைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்கப் பசையே. ஒரே விஷயத்தை இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் போய் "மரம் ஒட்டப் பசை" என்றால் "எந்தப் பசை?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். வெள்ளை, மெரைன், டின்னில் வரும் பழுப்பு நிறம், இரண்டு டியூப் அரால்டைட், ஃபெவிக்விக் என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காக ஸ்டூல், புத்தக அலமாரி செய்கிறவன் நான். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று சொல்லுங்களேன். (கரூர் வாசகர்)

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. ஆனால் நீங்கள் செய்வதாகச் சொல்லும் ஸ்டூலுக்கும் அலமாரிக்கும் சாதாரண வெள்ளைப் பசை தாராளமாகப் போதும். 1959-ல் ஃபெவிகால் வந்த நாளிலிருந்து நம் ஊர் ஆசாரிகள் அதை வைத்துத்தான் வீடு வீடாகக் கட்டில், பீரோ செய்திருக்கிறார்கள். பாலிவினைல் அசிடேட் என்ற பிசினை மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்துவைத்திருப்பதுதான் அந்த வெள்ளைத் திரவம். மரம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, மீதி காற்றில் போகிறது, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகி மரத்தின் நார்களைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு பலகைகளின் நீளப் பக்கங்களை நன்றாக இழைத்து, பசை தடவி, இறுக்கி ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் அதைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். ஒட்டின கோட்டில் உடையாது, பக்கத்து மரம்தான் பிய்ந்து வரும். அதற்கு மேல் பலமான பசையை வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்?

வெள்ளைப் பசைக்குப் பலவீனம் மூன்று. தண்ணீர் ஒன்று, சூடு இரண்டு, இடைவெளி மூன்று. அலமாரியிலிருந்து மற்ற டப்பாக்களை இறக்குவது இந்த மூன்றில் ஒன்று குறுக்கே வரும்போதுதான். தண்ணீர் படும் என்றால் மெரைன் வகை, அதாவது தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசை. மூட்டில் இடைவெளி இருக்கிறது, அல்லது மரத்தோடு இரும்பு, பித்தளை, கல் ஒட்ட வேண்டும் என்றால் எபாக்ஸி, அதாவது அந்த இரண்டு டியூப் சமாசாரம். டின்னில் வரும் பழுப்புப் பசை ரப்பர் வகை, மைக்கா, தோல், ஸ்பாஞ்ச் ஒட்ட உண்டானது, மர மூட்டுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். காய்ந்த பிறகும் அது கொஞ்சம் ரப்பராகவே இருப்பதால், எடை தாங்கும் மூட்டில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுத்துவிடும். ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை பெயர்ந்த சிம்பை ஒட்ட, சின்ன விரிசலில் இறக்க நல்லது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும், ஒரு இடி வாங்கினால் விட்டுவிடும், ஆகவே நாற்காலிக் காலுக்கு ஆகாது. இன்னொன்று, அதைத் துடைக்கப் பஞ்சையோ பருத்தித் துணியையோ எடுக்காதீர்கள், பருத்தியில் பட்டதும் வேகமாக இறுகிச் சூடு கிளம்பிக் கையைச் சுட்டுவிடும்.

இணையத்தில் டைட்பாண்ட் போன்ற வெளிநாட்டு மஞ்சள் பசைகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அதுவும் இதே பாலிவினைல் அசிடேட் குடும்பம்தான், கொஞ்சம் மாற்றிச் செய்தது. சீக்கிரம் பிடிக்கும், காய்ந்தபின் உப்புத்தாளில் வழவழவென்று இழையாமல் பொடியாக வரும், வேலை செய்யச் சுகமாக இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கு அந்த விலை தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல கிளாம்ப் வாங்கலாம், மூட்டு அதனால்தான் பலப்படும்.

மொட்டைமாடியில் போட தேக்கில் பெஞ்ச் செய்தேன். ஆணி இல்லாமல் துளை போட்டு நாக்குச் செருகி, ஃபெவிகால் வைத்து, எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒரு ஐப்பசி மழை தாண்டியதும் கைப்பிடி ஆட ஆரம்பித்துவிட்டது. தேக்கு மழையில் நிற்கும் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

தேக்கு நின்றிருக்கிறது, பசை நிற்கவில்லை. இதில் ஒன்றுக்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலாவது நீங்களே யூகித்திருப்பீர்கள், சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் மறுபடி வெளுத்து இளகிவிடும். அதோடு விடவில்லை, வெயிலும் இருக்கிறது. இந்தப் பிசின் 30, 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடக்கிற மரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்தானே, காற்றின் வெப்பத்தைவிட மரத்தின் மேல்பக்கம் எவ்வளவோ அதிகம் சுடும். அந்தச் சூட்டில் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஒருவர் உட்கார்ந்தால், பசை உடையாது, நகரும். கோடையில் நகர்ந்து மயிரிழை இடைவெளி விட்ட மூட்டில் மழைக்காலத்துத் தண்ணீர் இறங்கி மிச்ச வேலையை முடித்திருக்கும்.

இரண்டாவது தேக்கின் எண்ணெய்ப் பசை. மழையிலும் கரையானிலும் அந்த மரத்தைக் காப்பாற்றும் அதே எண்ணெயும் பிசினும்தான் பசையை மரத்துக்குள் இறங்கவிடாமல் தடுக்கின்றன. இழைத்த பலகையை ஒரு வாரம் மூலையில் சாத்திவைத்துவிட்டு ஒட்டினால் அதற்குள் எண்ணெய் மேலே கசிந்து படலம் கட்டியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், இறங்காமல் முத்தாக நின்றால் பசையும் அப்படியேதான் நிற்கும் என்று அர்த்தம். ஒட்டுகிற அன்றைக்கே இழைப்புளி ஒரு தரம் ஓட்டுங்கள், அல்லது உப்புத்தாள் போட்டுத் தூசியைத் தட்டுங்கள், வெள்ளைத் துணியில் அசிடோன் நனைத்துத் துடையுங்கள், துணி மஞ்சளாக வரும், வேறு பக்கம் திருப்பி இன்னொரு முறை துடையுங்கள், அசிடோன் பறந்ததும் காத்திருக்காமல் ஒட்டுங்கள். அசிடோன் டக்கென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

என்ன பசை என்றால், மழையில் நிற்கிற சாமானுக்கு என் ஓட்டு எபாக்ஸிக்கு. ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், அது தண்ணீரிலும் சூட்டிலும் மெதுவாகக் காய்வதைவிடப் பலவீனம். இரவு முழுக்கக் காயும் வகையை வாங்கிச் சொன்ன அளவில் கலக்குங்கள். வெள்ளைப் பசையைப் பிதுங்கப் பிதுங்க இறுக்குவது போல எபாக்ஸியை இறுக்கக் கூடாது, இறுக்கினால் எல்லாம் வெளியே வந்து மூட்டு பட்டினி கிடக்கும். மூட்டு சேர்ந்து நின்றால் போதும்.

எபாக்ஸி வேண்டாம் என்றால் தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசை வாங்கலாம், டப்பாவில் டி3 அல்லது டி4 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இஎன் 204 என்கிற ஐரோப்பியத் தரத்தில் வரும் வகைகள் அவை. டி3 என்றால் ஒட்டிய துண்டை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து இழுத்துப் பார்க்கிற சோதனை, டி4 என்றால் 6 மணி நேரம் கொதிக்கவைக்கும் சோதனையும் சேர்த்தி. டி3 என்பது எப்போதாவது நனைகிற சமையலறை, குளியலறைச் சாமான்களுக்கு. வருஷம் முழுக்க வெளியில் கிடக்கிற பெஞ்சுக்கு அது போதாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வேறு இருவரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். மெரைன் பிளைவுட் என்று ஐஎஸ் 710 என்கிற இந்தியத் தர முத்திரையோடு விற்கிறார்களே, அதன் அடுக்குகளை ஒட்டியிருப்பது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், ஆலையில் சூடான அச்சில் அழுத்தி ஒட்டியது, மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தாலும் பிரியாது. அதனால் அந்த பிளைவுட்டில் செய்த பெட்டி முழுக்கத் தண்ணீர் தாங்கும் என்று ஆகிவிடாது. பலகை தாங்கும். பலகையையும் பலகையையும் சேர்க்க உங்கள் ஆசாரி எந்த டப்பாவைத் திறந்தார் என்பது தனிக் கேள்வி.

சமையலறை ஷெல்ஃப் கதவுகளில் ஒட்டிய மைக்கா, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டில் மட்டும் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேலை செய்தவர் "பசை டூப்ளிகேட்டு" என்கிறார். (சென்னை வாசகி)

பசை டூப்ளிகேட்டாக இருந்தால் எல்லாக் கதவும் அல்லவா தூக்க வேண்டும், அம்மா? அடுப்புப் பக்கம் மட்டும் தூக்குகிறது என்றால் சூடுதான். ரப்பர் பசையை வைத்து ஒட்டியிருப்பார், சீக்கிரம் முடியுமே. சாதாரண ரப்பர் பசை சூட்டில் இளகும். மைக்கா விறைப்பான சாமான், விட்டால் நேராக நிமிரத்தான் பார்க்கும். குக்கர் ஆவி வேறு ஓரத்தில் போய் இறங்கும்.

சமமான பலகை மேல் மைக்கா ஒட்ட வெள்ளைப் பசையே மேல் என்பது என் கட்சி. பலகையில் மெல்லிசாக, சீராகப் பரப்பி, மைக்காவை வைத்து, மேலே இன்னொரு பலகை போட்டுப் பாரம் ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். பொறுமையும் இடமும் வேண்டும், ஒரு நாளில் பத்துக் கதவு முடிக்க நினைப்பவருக்கு இரண்டுமே இருக்காது. ரப்பர் பசை வளைவுகளுக்கும் ஓரப் பட்டைகளுக்கும். அடுப்புப் பக்கம் ரப்பர் பசைதான் போட்டாக வேண்டும் என்றால் சூடு தாங்கும் வகை என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், தனியாகவே விற்கிறார்கள்.

ரப்பர் பசையை ஒட்டும் முறையிலும் கோட்டை விடுவார்கள். இரண்டு பக்கமும் தடவ வேண்டும், தடவினதும் ஒட்டக் கூடாது. பின்விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும் வரை, நம் ஊர் வெயிலில் 10, 15 நிமிஷம், மழை நாளில் இன்னும் கூட, காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரமாக ஒட்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பிறகு குமிழ் குமிழாக எழும்பும். பதத்தில் ஒட்டினால் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதற்குத்தான் அனுபவம் உள்ளவர்கள் பலகை மேல் குறுக்கே நாலைந்து மெல்லிய குச்சிகளை வைத்து, அவற்றின் மேல் மைக்காவைக் கிடத்தி ஓரம் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவி உருவி அழுத்திக்கொண்டே போவார்கள். பார்க்கவே அழகாக இருக்கும்.

உங்கள் கதவுக்கு இப்போது என்ன செய்யலாம் என்றால், தூக்கிய ஓரத்தின் மேல் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து எடுங்கள், உள்ளே இருக்கிற பழைய பசை இளகும். உடனே ஒரு கட்டையால் அழுத்தித் தேய்த்து ஆறும் வரை கிளாம்ப் போட்டுவிடுங்கள். பல நேரம் இதுவே பிடித்துக்கொள்ளும். உள்ளே தூசியும் எண்ணெயும் போயிருந்தால் பிடிக்காது, அப்போது சுரண்டிப் புதுப்பசைதான். புதுப்பசை போடுகிற வேலை என்றால் கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் செய்யுங்கள். அந்தக் கரைப்பானின் ஆவி எரியும், அடுப்பு எரிகிற அறையில் டின்னைத் திறப்பது ஆபத்து.

தாத்தா காலத்து நாற்காலி. காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம் லொடலொடவென்று ஆடுகிறது. இருமுறை ஃபெவிகால் ஊற்றியாயிற்று, மாதம் ஒன்று தாங்குகிறது. எபாக்ஸி ஊற்றலாமா? (காரைக்குடி வாசகர்)

ஊற்றுவதை நிறுத்துங்கள் முதலில். எந்தப் பசையை ஊற்றினாலும் இதுதான் நடக்கும். பசை பிடிப்பது மரத்தில், நீங்கள் ஊற்றுவது பழைய பசை மேல். காய்ந்த வெள்ளைப் பசை மேல் புது வெள்ளைப் பசை சரியாக ஒட்டாது, அது மரத்தின் துளைகளை ஏற்கனவே அடைத்துவிட்டது. எபாக்ஸியை ஊற்றினால் கூடுதலாக ஒரு தொல்லை, அடுத்த தடவை யாராலும் அதைப் பிரிக்க முடியாது.

தாத்தா காலம் என்கிறீர்கள், அப்படியானால் அடியில் இருப்பது அநேகமாக வச்சிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. கட்டியாகவோ குருணையாகவோ வாங்கி, முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடுபடுத்திப் பூசுவார்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் கெட்டுவிடும், 60 டிகிரி சுற்றி இருந்தால் போதும். தெரிந்துகொள்ள ஒரு வழி: மூட்டில் வெளியே பிதுங்கிக் காய்ந்திருக்கிற பசைமேல் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். பிசுபிசுத்துத் தோல் நாற்றம் அடித்தால் வச்சிரம். வெளுத்து ரப்பர் மாதிரி ஆனால் வெள்ளைப் பசை. உங்களுடையதில் இரண்டும் இருக்கும்.

இனி வேலை. எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சாக்பீஸில் எழுதிவைத்துக்கொண்டு, ஆடும் மூட்டுகளை முழுதாகக் கழற்றுங்கள். வச்சிரம் என்றால் வெந்நீரில் நனைத்த துணி சுற்றிவைத்தாலே விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசைக்குச் சூடான வினிகரைத் தடவித் தடவி இளக்க வேண்டும். கழற்றியபின் நாக்கிலும் துளையிலும் இருக்கிற பழைய பசை அத்தனையையும், மரத்தின் நிறம் தெரியும் வரை, மரத்தை வெட்டிவிடாமல் உளியால் சுரண்டி எடுங்கள். இந்த வேலைதான் அலுப்பு, இதைச் செய்யாமல் விடுவதால்தான் நாற்காலிகள் திரும்பத் திரும்ப ஆடுகின்றன. நன்றாக உலரவிட்டுப் பசை இல்லாமல் செருகிப் பாருங்கள். கையால் தள்ளினால் போய், தலைகீழாகப் பிடித்தால் விழாமல் இருந்தால் அதுதான் சரியான பொருத்தம், வெள்ளைப் பசையே போதும். தொளதொளவென்றிருந்தால், இழைப்புளியிலிருந்து வருகிற நீளமான சுருளை நாக்கின் இரு பக்கமும் வெள்ளைப் பசையில் ஒட்டிக் காயவைத்து, அளவாகச் சீவிக்கொள்ளுங்கள். வெறும் எபாக்ஸியால் அந்த இடைவெளியை நிரப்புவதும் வழிதான், நானோ மரத்தை மரத்தால் நிரப்பவே சொல்வேன்.

பெரிய கிளாம்ப் இல்லையென்று கவலை வேண்டாம். நாலு காலையும் சுற்றி நூல் கயிற்றை இரட்டையாகக் கட்டி, இரண்டு இழைக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் மூட்டுகள் கிறீச்சென்று உள்ளே போகும். பசை மணிமணியாக வெளியே வரும் அளவு முறுக்கிவிட்டு, குச்சி திரும்பிவராமல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கயிறு காலில் பதியாமல் இருக்க இடையில் அட்டைத் துண்டு வையுங்கள். நாலு காலும் தரையில் பதிகிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும், காய்ந்தபின் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஒரு முழு நாள் யாரும் உட்காரக் கூடாது.

வீட்டில் இருக்கும் பழைய தஞ்சாவூர் வீணையில் குடத்தை ஒட்டின இடத்தில் மெல்லிய விரிசல். நானே எபாக்ஸி விட்டுச் சரிசெய்யலாமா? தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெட்டுக் கட்டைகளில் ஒன்றும் அசைகிறது. (கும்பகோணம் வாசகி)

தயவுசெய்து வேண்டாம். பலாமரத்து வாத்தியத்தை என்றைக்காவது பிரித்துத்தான் பழுது பார்க்க வேண்டிவரும், அப்போது சூட்டில் பிரியும் பசையாக இருந்தால் மரம் பிழைக்கும். எபாக்ஸி போட்டால் மரத்தை உடைத்துத்தான் பிரிக்க முடியும். விரிசலில் தூசி போகாமல் துணி சுற்றிவைத்து, தந்திகளைத் தளர்த்திவிட்டு, வீணை செய்கிறவரிடம் கொண்டுபோங்கள்.

மெட்டு விஷயம் வேறு. 24 மெட்டுகளும் தேன்மெழுகோடு கரித்தூள் கலந்த மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. சுருதி மாறினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்த வேண்டுமே, அதற்காகவே நிரந்தரமாக ஒட்டாத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதன்மேல் யாராவது ஃபெவிக்விக் விட்டால் அந்த வீணைக்கு மேளம் கட்டவே, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்றபடி பதிக்கவே, முடியாமல் போகும்.

மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, அடியில் குறுக்கே இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அதையும் பசையால் ஒட்டி, மணை செய்தேன். பசை விடவில்லை, ஆனால் நடுவில் பலகையே பிளந்துவிட்டது. பசை அதிகப் பலமோ? (மதுரை வாசகர்)

கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள், விஷயம் கிட்டத்தட்ட அதுதான். மரம் நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது, அகலவாக்கில் மழைக்குப் பருத்துக் கோடைக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் மூன்று பலகையும் அகலத்தில் சுருங்கப் பார்த்திருக்கின்றன, குறுக்கே ஒட்டிய ரீப்பர் நீளவாக்கில் இருப்பதால் அசையாமல் பிடித்துக்கொண்டது. பசை விடாததால் மரம் பிளந்தது.

பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டியது சரி, அதை அப்படியே செய்யுங்கள். ரீப்பருக்குப் பசை வேண்டாம். நடுவில் ஒரு ஸ்க்ரூ இறுக்கமாக, ஓரங்களில் ரீப்பரின் துளையைப் பலகை அசையும் திசையில் கொஞ்சம் நீளமாகக் குடைந்து வாஷரோடு ஸ்க்ரூ. பலகை இஷ்டப்படி அசைந்துகொள்ளும். அப்புறம், வாங்கின மரம் காய்ந்ததுதானா என்று பாருங்கள். மரம் அறுக்கும் மில்லிலிருந்து நேரே வந்த மாம்பலகையோ வேப்பம்பலகையோ என்றால், மரத்துக்குள்ளேயே ஈரம் இருக்கும்போது வெள்ளைப் பசை தன் ஈரத்தை யாரிடம் கொடுக்கும்?

ஆசாரி ஃபெவிகாலில் தண்ணீர் கலக்கிறார். கேட்டால் "அப்போதுதான் இறங்கும்" என்கிறார். ஏமாற்றுகிறாரா? (திருப்பூர் வாசகர்)

எங்கே கலக்கிறார் என்பதைப் பொறுத்தது. பலகையின் வெட்டுமுனை இருக்கிறதே, நார்கள் வாய் திறந்து நிற்கிற பக்கம், அது பசையை உறிஞ்சிக் குடித்துவிடும். அங்கே முதலில் தண்ணீர் கலந்த பசையை ஒரு கை பூசி, இழுத்து முடித்ததும் கெட்டிப் பசையைப் பூசி ஒட்டுவது பழைய, நல்ல முறை. போட்டோ ஃப்ரேம் மூலை ஒட்டுகிறவர்கள் இதைச் செய்தால் மூலை விடுவது குறையும். வெயிலில் கெட்டித்துப்போன பசையில் ஒரு ஸ்பூன் விட்டுக் கிளறுவதும் பாதகமில்லை. மற்றபடி வாளியில் பாதிக்குப் பாதி கலந்து எல்லா மூட்டுக்கும் அடித்தால், தண்ணீர் போனபின் மிஞ்சுகிற பிசின் போதாது. அது ஏமாற்றுதான், தைரியமாகக் கேளுங்கள்.

மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்து மரத்தில் உள்ள சந்துகளை அடைக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பார்வைக்கு அடைக்கலாம், பலத்துக்கு ஆகாது. காயும்போது சுருங்கும், அதனால் கொஞ்சம் மேடாகவே வையுங்கள். பாலிஷ் போடுகிற மரம் என்றால் இன்னொரு தொல்லை: பசை பட்ட இடம் வார்னிஷையும் சாயத்தையும் உறிஞ்சாது, அங்கே மட்டும் வெளிறிய திட்டாகத் தெரியும். அதே தூளை எபாக்ஸியில் கலந்தால் சுருங்காது, ஆனால் நிறம் நன்றாகக் கருத்துப்போகும். எதைக் கலந்தாலும் அதே மரத்தின் தூளாக, உப்புத்தாளில் வந்த நைஸ் தூளாக இருக்கட்டும், ரம்பத்தூள் சொரசொரவென்று நிற்கும்.

காய்கறி வெட்டும் பலகை ஒட்ட எந்தப் பசை பாதுகாப்பு? குழந்தை வாயில் வைக்கும் மரப்பொம்மைக்கு? (கோவை வாசகி)

முடிந்தால் வெட்டும் பலகையை ஒட்டாமல் ஒரே கட்டையில் செய்யுங்கள், புளியமரம் அருமையாக இருக்கும், கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்கு அதைத்தான் போடுகிறார்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நான் மேலே வேண்டாம் என்ற வெளிநாட்டுப் பசைக்கு இங்கே வேலை இருக்கிறது. டைட்பாண்ட் 2, 3 இரண்டும் உணவு மறைமுகமாகப் படும் இடங்களுக்கு அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு விதிப்படி ஏற்கப்பட்டவை, காய்ந்தபின்தான். தண்ணீரும் தாங்கும். எந்தப் பசையானாலும் பாத்திரம் ஊறுகிற தொட்டியில் பலகையைப் போட்டுவைக்காதீர்கள்.

பொம்மைக்கு வெள்ளைப் பசை போதும், வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு முழுதாகக் காயவிடுங்கள். ரப்பர் பசையும் சரியாகக் கலக்காத எபாக்ஸியும் வேண்டாம். பொம்மையில் எனக்குப் பெரிய கவலை பசையின் விஷத்தைவிடச் சக்கரம் கழன்று வாய்க்குள் போவதுதான், ஆகவே சக்கரத்துக்குப் பசையோடு அச்சில் ஒரு மரமுளையும் வையுங்கள்.

போன வருஷம் வாங்கிய டப்பா பாதி மீதி. இன்னும் ஆகுமா? (பாண்டிச்சேரி வாசகர்)

குச்சியால் கிளறுங்கள். ஒரே சீராகக் கொழகொழவென்று வந்தால் ஆகும். கட்டி கட்டியாகவோ தயிர் திரிந்த மாதிரியோ நூல் நூலாகவோ வந்தால் தூக்கிப் போடுங்கள், தண்ணீர் விட்டு அதைக் காப்பாற்ற முடியாது. சந்தேகமாக இருந்தால் இரண்டு கழிவுத் துண்டை ஒட்டி மறுநாள் உடைத்துப் பாருங்கள், மரம் பிய்ந்தால் பசை நல்லது. மூடியை இறுக்கி, வெயில் படாத கீழ்த்தட்டில் வையுங்கள், தகர ஷெட்டில் வேண்டாம்.

எபாக்ஸி கலந்து இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. (சேலம் வாசகர்)

அளவு தவறியிருக்கும், அல்லது போதுமான நேரம் கலக்கியிருக்க மாட்டீர்கள். வெள்ளைப் பசை உலர்ந்து பிடிக்கிறது, எபாக்ஸி அப்படியில்லை, இரண்டு டியூபும் ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் இறுகும், அதனால் கெட்டிப்பானை (இறுகவைக்கிற டியூப், ஹார்டனர்) அதிகமாகப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்ற கணக்கு செல்லாது. இனி காத்திருந்தும் பயனில்லை. சுரண்டி எடுத்து, அசிடோனில் துடைத்து, மறுபடி கலந்து ஒட்டுங்கள். கலக்கும்போது பழைய மைக்காத் துண்டின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நீளக் கோடாகப் பிதுக்கிக்கொண்டால் அளவு தப்பாது, ஓரத்தில் ஒட்டியிருப்பதையும் வழித்து வழித்து இரண்டு நிமிஷமாவது கலக்குங்கள்.

அடுத்த இதழில் பாலிஷ். பிரெஞ்சு பாலிஷா, பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங்கா என்று இப்போதே சண்டை போட்டு எழுதியிருக்கிறார்கள், மற்றவர்களும் அனுப்பலாம்.